இரண்டாவது சொல்

அதெல்லாம் சும்மா. நாலு நாளில் திரும்பி வந்துவிடுவாள் என்று சொன்னவர்கள், நாற்பது நாள் கழிந்த பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொன்ன சொல்லில் இவ்வளவு உறுதியாக நிற்கிறவர்கள் தெருவில் இருப்பது நல்லதுதான். சொன்னது நடக்கவில்லையே, அதற்கு என்ன செய்வது?

குழாயடிக்குப் போனால் கேட்கலாம். மாடிவீட்டுக்காரி வாளியை வைத்துவிட்டு இடுப்பில் கை கொடுத்துக்கொண்டு ஆரம்பிப்பாள்.

"அவளா? நிலையில்லாதவ. காலைல ஒண்ணு பேசுவா, மத்தியானம் வேற பேசுவா. இருபத்திரண்டு வருஷம் ஒரே புருஷன்கிட்ட இருந்ததே பெரிசு."

சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். நாத்தனார்க்காரி சிரிக்கமாட்டாள், தம்பி பெண்டாட்டி பேச்சாயிற்றே. ஆனால் இல்லை என்றும் சொல்லமாட்டாள். குடம் நிறைந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. மூடவும் வேண்டாம். ஆனால் ஒரு சொல்லை எடுத்து ஒருத்தி மேல் எறியுமுன், அது என்ன சொல் என்று கையில் வைத்துத் திருப்பிப் பார்க்க வேண்டாமா? ஆடுகிற முக்காலியை நிலையில்லாதது என்கிறோம். முக்காலி தானாகவா ஆடுகிறது? ஒரு காலைக் குட்டையாக அறுத்தவன் எங்கேயோ நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். நடை பழகுகிற குழந்தையை 'ஒரு இடத்துல நிலையா நிக்குதா பாரு' என்கிறோம். சொல்லிக்கொண்டே வாரி எடுத்து முத்தம் கொடுக்கிறோம். வானம் நிலையாக இல்லை என்றால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறோமே தவிர, வானத்தின் குடும்பத்தை இழுப்பதில்லை. ஓர் ஆண்பிள்ளை நேற்று ஒன்று சொல்லி இன்று வேறு சொன்னால், 'நல்லா யோசிச்சு மாத்திக்கிட்டாரு' என்கிறோம். அதே காரியத்தை ஒரு பெண்பிள்ளை செய்துவிட்டாலோ, சொல் அவள் மேல் சாயமாக ஏறிவிடுகிறது. எத்தனை அலசினாலும் போவதில்லை.

அவள் மேல் அந்தச் சாயத்தை முதலில் ஊற்றியது யார் என்று தெரிந்துகொண்டு பேசட்டும், இந்த மாடிவீட்டுக்காரி.

வீட்டை விட்டுப் போனவளுக்குச் சாயப்பட்டறையில் சாயக்கண்ணு என்று பெயர். பத்தொன்பது வயதில், சாயம் போட்ட துணியைக் கொடியில் உலர்த்துகிற வேலைக்குத்தான் அங்கே போய்ச் சேர்ந்தாள். பெரிய பட்டறை. நீளமான கொட்டகை, இரண்டு பக்கமும் ஆள் உயரத் தொட்டிகள், தலைக்குமேல் நீராவிக் குழாய், காலடியில் எந்நேரமும் ஓடுகிற வண்ணத் தண்ணீர். காலையில் பச்சை ஓடினால் மத்தியானம் ஊதா ஓடும். அங்கே வேலை செய்கிறவர்கள் யாருக்கும் சொந்த நிறத்தில் நகம் கிடையாது.

உலர்த்துகிற பெண்கள் பத்துப் பேர் இருந்தார்கள். மற்றவர்கள் துணியை விரித்துப் போட்டுவிட்டு நிழலுக்குப் போய்விடுவார்கள். இவள் மட்டும் நின்று பார்ப்பாள். ஒருநாள் பெரிய முதலாளி அந்தப் பக்கமாக வந்தபோது, நடுவில் கிடந்த ஒரு துணியைக் காட்டி, "ஐயா, இது இந்தக் கூட்டத்துத் துணி இல்லை" என்றாள். எல்லாம் ஒரே நீலம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. சீட்டைப் பார்த்தால் அந்த ஒரு துணி மட்டும் முந்தின நாள் தொட்டி. அன்றைக்கு அவளைக் கொடியிலிருந்து எடுத்துத் தொட்டிக்கு மாற்றினார். நிறம் பார்க்கிற வேலை. அதுவரை ஆண்கள்தான் அதைப் பார்த்துவந்தார்கள்.

அந்த வேலையில் ஒரு சங்கதி உண்டு. இதைப் புரிந்துகொள்ளாமல் அவளைப் புரிந்துகொள்ள முடியாது. தொட்டிக்குள் கிடக்கிற துணி பொய் சொல்லும். ஈரத்தில் அழுத்தமாகத் தெரிவது, காய்ந்தால் வெளுத்துப்போகும். குழல்விளக்கின் அடியில் சாம்பலாக இருப்பது, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனால் உள்ளே ஒளித்துவைத்திருந்த சிவப்பைக் காட்டிவிடும். சூட்டோடு பார்த்தால் ஒரு நிறம், ஆறினால் வேறு.

அதனால் அவள் ஒவ்வொரு தொட்டிக்கும் இரண்டு சொல் சொல்வாள். தொட்டித் துணியில் கைக்குட்டை அளவு நறுக்கி, பிழிந்து, மாதிரித் துண்டோடு சேர்த்து வைத்துப் பார்த்து, "ஆச்சு" என்பாள். அது முதல் சொல். உடனே தொட்டிக்காரர் நீராவியைக் குறைப்பார். அதற்குமேல் சாயமும் கூடாது, உப்பும் கூடாது. பிறகு அந்தத் துண்டை நீராவிக் குழாய்மேல் விரித்துக் காயவைத்து, பின்வாசலுக்கு எடுத்துப்போவாள். நேர்வெயில் விழாத வாசல் அது. துண்டு ஆறும்வரை கால்மணி நேரம் அங்கே நிற்பாள். வந்து "சரி" என்றால் வடிகுழாயைத் திறந்து தொட்டியை இறக்கலாம். "இல்லை" என்றால் இன்னும் கொஞ்சம் பச்சை, இல்லை ஒரு கைப்பிடி மஞ்சள், மறுபடி கால்மணி நேரம். பத்துத் தொட்டியில் நாலு தொட்டிக்கு இரண்டாவது சொல் "இல்லை"தான்.

பெரிய முதலாளி இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. "முத சொல்லு தொட்டிக்கு, ரெண்டாவது சொல்லு எனக்கு" என்பார். அவள் பார்த்து அனுப்பிய துணி அவர் காலத்தில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அங்கேதான் தொட்டிக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர்தான். குடி இல்லை, கை நீட்டமாட்டார். வாய்தான் கொஞ்சம் கூட. பத்துப் பேர் கூடினால் ஒரு பகடி சொல்லிச் சிரிக்கவைக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணமான புதிதில், டீ குடிக்கிற இடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, இவள் பின்வாசலிலிருந்து வந்து "மூணாவது தொட்டி, இல்லை" என்றாள். அவர் டம்ளரை உயர்த்திக்கொண்டு சொன்னார்:

"பாத்துக்குங்கப்பா, இதான் என் பொழப்பு. டீக்கு முன்னாடி ஆச்சுங்கறா, டீக்கு அப்புறம் இல்லைங்கறா. நிலையில்லாத பொம்பளையைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு!"

கொட்டகையே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஏன் சிரிக்கமாட்டாள்? புருஷன் நாலு பேர் முன்னால் தன்னைப் பற்றிப் பேசுகிறான், முகமெல்லாம் பெருமை. அந்தச் சொல்லில் அன்றைக்குத் தேன் இருந்தது. அவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். குழம்பில் உப்புக் குறைந்தால், "நிலையில்லாதவளே, இன்னிக்கு இதுக்கும் ரெண்டாவது சொல்லு உண்டா?" என்பார். அதே வீட்டின் பக்கத்துப் பகுதியில் குடியிருந்த அவருடைய அக்கா அதைக் கேட்டாள். அவள் வாயில் விழுந்த பிறகு தேன் போய்விட்டது. சொல் மட்டும் மிஞ்சியது.

அந்த அக்காதான், "புருஷனும் பொண்டாட்டியும் ஒரே கொட்டகையில வேலை பாத்தா நல்லாவா இருக்கு?" என்று முதலில் சொன்னவள். அவர் வேலையை விடச் சொன்னார். விட்டாள். ஒன்றரை வருஷம் கழித்து நீராவி பட்டு அவர் பாதம் வெந்துபோனது. மூன்று மாதம் படுக்கை. அதே அக்கா, "சும்மா உக்காந்திருந்தா அடுப்பு எரியுமா?" என்றாள். போனாள். அவர் எழுந்து நடமாடியதும், "இனி நான் பாத்துக்கறேன், நீ வீட்டோட இரு" என்றார். இருந்தாள். நான்கே மாதத்தில் பெரிய முதலாளி ஆள்விட்டார். துணி திரும்பி வர ஆரம்பித்திருந்தது. புருஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "போயேன், முதலாளியே கூப்பிடறாரு!" என்றார். மறுபடி போனாள்.

தெரு இதை எப்படிப் பார்த்தது? சேர்ந்தாள், நின்றாள், சேர்ந்தாள், நின்றாள், மறுபடி சேர்ந்தாள். அவ்வளவுதான் பார்த்தது. மாற்றச் சொன்னவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். மாறியவள்தான் பையை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தாள். கண்ணில் பட்டவள் பெயர்தானே வாயில் வரும்? "ஒரு நிலையில நிக்கறாளா பாரு" என்று மாடிவீட்டுக்காரி மேலே இருந்தபடி சொல்வாள். அவள் மட்டும் நாலு வருஷத்தில் மூன்று தடவை மருமகளோடு சமையலைப் பிரித்து மூன்று தடவை சேர்த்துக்கொண்டவள். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. ஒரே மகள், வளர்த்து, வேறு ஊரில் கட்டிக்கொடுத்தாயிற்று. அவர் தொட்டிக்காரராக இருந்து மேஸ்திரி ஆனார். பெரிய முதலாளி படுக்கையில் விழுந்தார். பட்டறை அவருடைய மருமகன் கைக்கு வந்தது.

மாப்பிள்ளை முதலாளி என்று பெயர் வைத்தார்கள். பளபளவென்று செருப்பு; சாயத் தண்ணீரில் மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடப்பார். எப்போதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பார். வந்த முதல் வாரமே, தொட்டிகள் கால்மணி நேரம் சும்மா நிற்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"எதுக்கு நிக்குது?"

"நிறம் பாக்கப் போயிருக்காங்க."

"அதான் ஆச்சுன்னு சொல்லிட்டாளே?"

"அது முத சொல்லுங்க."

அவர் அவளைக் கூப்பிட்டார். "இதோ பாரும்மா. ஒரு தடவை சொல்லு, ஒரே சொல்லா சொல்லு. காலைல ஒண்ணு, அப்புறம் ஒண்ணுன்னா எப்படித் தொழில் நடத்தறது?"

"துணி ரெண்டு தடவை பேசுதுங்க, ஐயா. நான் ஒரு தடவை பேசினா அது பொய்யாப் போயிடும்."

சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அவர் மேஸ்திரி பக்கம் திரும்பினார். "வீட்லயும் இப்படித்தானா?"

மேஸ்திரிக்குப் பத்துப் பேர் முன்னால் வாய் சும்மா இருக்காதே. "என்னங்க பண்றது, நிலையில்லாதவளைக் கட்டிக்கிட்டேன்" என்றார். பழைய பகடிதான். ஆனால் மாப்பிள்ளை முதலாளிக்கு அது பகடி என்று தெரியாது. மேஸ்திரியே தருகிற தகவல் என்று எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் முகத்தை அவள் பார்த்தாள். ஈரத்துணியில் நிறம் பிடிக்கிற மாதிரி அந்தச் சொல் அவர் முகத்தில் பிடிப்பதைக் கண்டாள். வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"இனிமே அந்தப் பேச்சு வேண்டாங்க. அங்க வேண்டாம்."

"சிரிப்புக்குச் சொன்னேன்டி."

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது."

"சரி சரி, சொல்லல" என்றார். சொல்லத்தான் செய்தார்.

பிறகு அந்தத் திரைச்சீலை வந்தது. பெரிய விடுதி ஒன்றில் பாதி அறைகளுக்கு ஏற்கெனவே திரை மாட்டியிருந்தார்கள். மீதி அறைகளுக்கு அதே நிறத்தில் வேண்டும். காய்ந்த புல்லின் நிறம். பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை, அடியில் மெல்லிய சாம்பல். பிடிக்கக் கடினமான நிறம். இரண்டு நாளாக மழை வேறு. நீராவிக் குழாயில் போட்ட துண்டும் சட்டென்று காயமாட்டேன் என்றது.

அன்று மத்தியானம் ஏழாவது தொட்டிக்கு "ஆச்சு" என்றாள். மேஸ்திரி தாமே நின்று நீராவியைக் குறைத்தார். அவள் பின்வாசலுக்குப் போனாள். வெளியே லாரி நின்றுகொண்டிருந்தது; மாப்பிள்ளை முதலாளி குடையைப் பிடித்துக்கொண்டு லாரிக்கும் கொட்டகைக்கும் நடையாய் நடந்தார்.

"என்ன சொன்னா?"

"ஆச்சுன்னா" என்றார் மேஸ்திரி.

"அப்ப இறக்க வேண்டியதுதானே?"

மேஸ்திரிக்குத் தெரியாதா? இருபது வருஷம் அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் டீ குடித்தவர். "இதோ, பாத்துட்டு வந்துடுவா" என்றார். முதலாளி கடிகாரத்தைக் காட்டினார். மேஸ்திரி வடிகுழாயின் திருகில் கையை வைத்தார். அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அவள் பின்வாசலில் துண்டை மாதிரியோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். மழை வெளிச்சம், ஆனாலும் பொய் சொல்லாத வெளிச்சம். துண்டு ஆறியது. சாம்பலுக்கு அடியிலிருந்து சிவப்பு எட்டிப் பார்த்தது. விறுவிறுவென்று உள்ளே வந்தாள். கொட்டகை முழுக்க ஆவி. ஏழாவது தொட்டிக்கு எட்டடி தள்ளி நின்று கத்தினாள்.

"இறக்காதீங்க! சிவப்பு தூக்கலா இருக்கு. ஒரு கை பச்சை போட்டாச் சரியாப் போயிடும். இறக்காதீங்க!"

ஆவி ஒரு நொடி விலகியது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். கண்ணுக்கு நேராகப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம், குடை நிற்கிற இடத்தைப் பார்த்தார். முதலாளி லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார்; அவருக்கு எதுவும் கேட்டிருக்க வழியில்லை. மேஸ்திரியின் கை திருகைத் திருப்பியது.

வடிந்த சாயம் வடிந்ததுதான். அவள் காலடியிலேயே ஓடியது, காய்ந்த புல்லின் நிறத்தில், கொஞ்சம் சிவப்பாக.

"ஏங்க?" என்றாள்.

"இந்த மழை வெளிச்சத்துல யாருக்குடி தெரியப்போகுது? விடு" என்றார்.

ஐந்தாம் நாள் துணி திரும்பி வந்தது. பழைய திரைக்குப் பக்கத்தில் புதியதை மாட்டினால் செங்கல் தேய்த்த மாதிரி இருக்கிறதாம். விடுதிக்காரர் வாசலில் நின்று பேசிய பேச்சு எட்டு ஊருக்குக் கேட்டது.

முதலாளியின் அறையில் எல்லாரையும் கூப்பிட்டார்கள். சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, சுவரெல்லாம் நிறத்துண்டு ஒட்டிய அட்டைகள். அவள் கதவோரம் நின்றாள். மேஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஆச்சுன்னு சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன். அது முத சொல்லு. அப்புறம் வந்து இறக்காதீங்கன்னும் சொன்னேன்."

"யார் கேட்டா?"

"தொட்டிகிட்ட ஒருத்தர்தான் நின்னாரு. அவரு கேட்டாரு."

எல்லார் தலையும் மேஸ்திரி பக்கம் திரும்பியது. அவளும் பார்த்தாள். அவளுக்குப் பயமே இல்லை. வேலை போனால் போகட்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை, ஏனென்றால் போகாது. கேட்டவர் கேட்டேன் என்று சொல்லப்போகிறார். ஒரே வார்த்தை. அதற்குப் பிறகு திட்டு அவருக்கு விழும். இருவருமாக வீட்டுக்குப் போய் முதலாளியைச் சபித்துக்கொண்டே சாப்பிடலாம்.

மேஸ்திரி கழுத்தைச் சொறிந்தார். சிரித்தார். பத்துப் பேர் நின்றார்கள் அல்லவா?

"அவ எதையோ சொல்லியிருப்பாங்க, முதலாளி. அவ எப்பவுமே நிலையா ஒண்ணு சொல்லமாட்டா. ஆச்சும்பா, இல்லைம்பா. நான் எதைன்னு காதுல வாங்கறது?"

இரண்டு மூன்று பேர் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கவனியுங்கள், அவர் பொய் சொல்லவில்லை. கேட்கவில்லை என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் பொய்யன் என்று ஒரு நாள் பிடித்துவிடலாம். அவர் சொன்னதைப் பிடிக்க முடியாது. ஒரு சொல்லைத்தான் எடுத்தார். இருபது வருஷமாக எல்லாருக்கும் பழக்கமான, எல்லாரும் சிரித்த, அவளும் சிரித்த சொல். அதை அவள் வாயில் வைத்து அடைத்தார். இனி அவள் எதைச் சொன்னாலும் அதற்குள் இருந்துதான் சொல்லவேண்டும்.

"நாளையிலிருந்து நீ நிறம் பாக்க வேண்டாம். கொடிக்குப் போ" என்றார் மாப்பிள்ளை முதலாளி.

அவள் கொடிக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். சாயங்காலம் அவர் வந்ததும், சத்தம் போடாமல்தான் பேசினாள்.

"நீங்க கேட்டீங்க."

"கேட்டேன். யாரு இல்லைன்னா?"

"அதை அங்க சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? கேட்டும் ஏன் திறந்தேன்னு கேப்பான். மேஸ்திரி வேலை போயிடும். உனக்குப் போனா கொடியாவது இருக்கு. எனக்கு என்ன இருக்கு? நம்ம ரெண்டு பேருக்காகத்தான்டி சொன்னேன்."

"எனக்கு வேலை வேண்டாம். நான் சொன்னது நிஜம்னு அந்த ரூம்ல, அதே ஆளுங்க முன்னாடி, ஒரு வார்த்தை. கேட்டேன்னு. அவ்வளவுதான்."

"சரி. நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் வந்து, "இன்னிக்கு அவன் கோவமா இருந்தான், திங்கக்கிழமை பாக்கலாம்" என்றார். திங்கட்கிழமை வந்து, "விடுதிக்காரன் சமாதானமாகட்டும்" என்றார். அதற்கு அடுத்த வாரம், "முடிஞ்சுபோன கதையை ஏன் கிளறறே?" என்றார். அதற்கும் அடுத்த நாள், "நீ நிஜமாவே இறக்காதீங்கன்னு சொன்னியா, இல்ல, பச்சை போடணும்னு மட்டும் சொன்னியா? ஆவியில எனக்குச் சரியாக் கேக்கலை" என்றார்.

எண்ணிப் பாருங்கள். ஒரே விஷயத்தில் நாலு பேச்சு. அதே குழாயடியில் அதே பெண்கள், "பாவம் மனுஷன், எவ்வளவு பொறுமையா சமாளிக்கறாரு" என்றார்கள்.

மகளுக்குப் போன் போட்டாள். மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அம்மா, அப்பா சொல்றதுலயும் நியாயம் இருக்கில்ல? நீ எப்பவும் எதையாவது மாத்திக்கிட்டேதான் இருப்பே. கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்றாள். இவள் சரி என்று போனை வைத்தாள். வயிற்றில் சுமந்து பெற்ற பிள்ளையின் வாய்க்கும் அந்தச் சொல் எட்டியிருக்கிறது, வேறு வேஷத்தில்.

நாத்தனார் வந்து உட்கார்ந்து புத்தி சொன்னாள். "ஆம்பளை நாலு பேர் முன்னாடி தலை குனியலாமா?"

"நான் குனிஞ்சேனே, அண்ணி."

"நீ பொம்பளை. உனக்கென்ன?"

அவ்வளவு நாளும் அவள் காத்திருந்தாள். இதைத்தான் தெரு சொல்வதில்லை. நிலையில்லாதவள் என்கிறார்களே, பதினாறு நாள் ஒரே வார்த்தைக்காக ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். சமைத்தாள், பெருக்கினாள், அவருடைய சாயம் பிடித்த சட்டையைத் துவைத்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து பார்ப்பாள். கேட்கமாட்டாள். பார்ப்பாள், அவ்வளவுதான். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பதினேழாம் நாள் காலை. ஞாயிற்றுக்கிழமை. பட்டறை விடுமுறை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சன்னலில் சாய்த்துவைத்து, முகத்துக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாளைக்காவது சொல்வீங்களா?"

அவர் கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தார். "எதை?" என்றார்.

அதுதான். வேறு ஒன்றுமில்லை. அடித்திருந்தால், திட்டியிருந்தால், முடியாது போ என்றிருந்தால்கூட அவள் இன்னொரு பதினாறு நாள் இருந்திருப்பாள். அவர் மறந்துபோயிருந்தார். மறந்தது போல நடிக்கவில்லை; அதை அவளால் பிரித்துப் பார்க்க முடியும், கண் அப்படிப்பட்ட கண். உண்மையிலேயே மறந்துபோயிருந்தார்.

அவள் உள்ளே போய் ஒரு பையில் மூன்று புடவை, பல்துலக்கி, மகளின் சின்ன வயதுப் படம் ஒன்று, அவ்வளவும் வைத்தாள். அடுப்பை அணைத்தாள். கொதித்த சோற்றை வடித்து மூடிவைத்தாள். அது பழக்கம், கை தானாகச் செய்தது. கூடத்துக்கு வந்தாள். நாத்தனார் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டே, பையும் கையுமா?"

"போறேன், அண்ணி."

"எங்க?"

"இங்க இருந்து."

நாத்தனார் உள்ளே பார்த்து, "தம்பி, இவ என்னமோ போறேங்கறா" என்று குரல் கொடுத்தாள்.

அவர் கத்தியைத் தாடையில் வைத்தபடி சிரித்தார். நுரைக்குள் பல் தெரிந்தது. "விடுக்கா. அவளைத் தெரியாதா உனக்கு? இப்ப போறேம்பா, சாயங்காலம் வந்து நிப்பா. ரெண்டாவது சொல்லு இன்னும் வரலை."

நாத்தனார் சிரித்துவிட்டு அடுத்த துணியை உதறினாள்.

கூட ஒருவரும் இல்லை. மாடியிலிருந்து ஒருத்தி, குழாயடியில் ஐந்து பேர், ஆறு பேரும் பார்த்தார்கள். அவள் வாசற்படியில் நின்று செருப்பை மாட்டினாள். வாரில் ஒன்று சுருண்டிருந்தது; குனிந்து விரலால் நிமிர்த்திவிட்டாள். பையைத் தோளில் போட்டாள். ஒரு காலைத் தெருவில் வைத்தாள்.

உள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"ஏய், வரும்போது ஒரு ஷேவிங் சோப்பு வாங்கிட்டு வா. இது தீந்துபோச்சு!"

ஒரு நொடி நின்றாள். ஞாயிற்றுக்கிழமை, பட்டறை ஓடாத தெரு, ஆவி இல்லை, இரைச்சல் இல்லை. அவளுக்கு நன்றாகவே கேட்டது. அடுத்த காலையும் தெருவில் வைத்து, நடந்து போனாள்.